ஒரு கட்டம் நகர்ந்த வரிசை

நான் பொறாமைப்பட்ட மனிதர்களின் பட்டியல் நீளமானது. வயது ஏற ஏற அதில் பெரும்பாலானவர்களை மன்னித்துவிட்டேன். சிலருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, சிலருக்கு முடி கொட்டிவிட்டது, ஒருவருடைய மகன் ஜோசியம் படிக்கப் போய்விட்டான். ஒரே ஒருவரை மட்டும் மன்னிக்க முடியவில்லை. கடைசியாகக் கேள்விப்பட்டபோது அவருக்குச் சர்க்கரையும் இல்லை, முடியும் அப்படியே இருந்தது.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவருக்கு அனுப்பிவைப்பார்கள். படித்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்காது. அலுவலகத்தில் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் மேடமாகவே இருக்கட்டும்.

அலுவலகம் என்றால் திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில், ஒரு பாத்திரக்கடையின் மாடி. லுங்கி மொத்த வியாபாரம். முதலாளி பொதட்டூர்பேட்டைக்காரர். நூலுக்குச் சாயம் போட்டு, வீட்டில் தறி வைத்திருக்கும் இருபத்தெட்டு நெசவாளிகளுக்குக் கொடுப்பார். அவர்கள் லுங்கியாக நெய்து கொண்டுவந்து போடுவார்கள். யாருக்கு எந்த நிறத்தில் எவ்வளவு நூல் போயிற்று, யாரிடமிருந்து எவ்வளவு லுங்கி வந்தது என்பதைக் கம்ப்யூட்டரிலிருந்து வாராவாரம் ஒரே தாளில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. முதலாளியைப் பெரியவர் என்போம். மனசு குளிர்ந்திருந்தால் என்னை 'நைனா' என்பார். இல்லாவிட்டால் 'கம்ப்யூட்டரு' என்பார். மேடம் வருவதற்கு முன்னால் எட்டு வருஷம், பெரும்பாலும் நான் நைனாவாகத்தான் இருந்தேன்.

நான் எடுத்துக் கொடுக்கும் தாளுக்குக் கிராஸ்டேப் என்று பெயர். பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரிதான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நெசவாளிகளின் பெயர். தலைப்பில் குறுக்காக வாரங்கள், அல்லது நிறங்கள். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் இத்தனை கிலோ என்று ஓர் எண். உள்ளே சீட்டுச் சீட்டாகக் குவிந்து கிடக்கும் பதிவுகளை இப்படித் திருப்பிப் போட்டுக் காட்டுவதற்கு ஒரு கட்டளை எழுதவேண்டும். சரியாக எழுதினால் மொத்த வியாபாரமும் ஒரு தாளில் தெரியும். தப்பாக எழுதினால் ஆங்கிலத்தில் திட்டு விழும். எட்டு வருஷமாக அந்தத் திட்டைத் தனியாக வாங்கி, தனியாகத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி வெளியே வந்து பெரியவருக்குத் தலையசைப்பேன். அவரும் நோயாளியின் உறவினர் மாதிரி கண்கலங்குவார். அது ஒரு பொற்காலம்.

அப்போதுதான் கிடங்கிலிருந்து வரும் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் அடிக்க ஆள் வேண்டும் என்று மேடத்தைச் சேர்த்தார்கள். கணவருக்கு ரயில்வேயில் வேலை. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு. ஆறுமாதக் கம்ப்யூட்டர் வகுப்புச் சான்றிதழ் ஒன்று. நான் எம்.சி.ஏ. சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் பிரியமே வந்தது.

வந்த மூன்றாவது வாரம் ஆடிக் கிருத்திகை.

வருஷத்துக்கு ஒருமுறை கிருத்திகை முடிந்த கையோடு எங்கள் மாத ரிப்போர்ட் படுத்துவிடும். இந்தப் பெயரில் ஒரு கட்டத்தை எனக்குத் தெரியாது என்று திரையில் ஒரு பிழைச்செய்தி வந்து நிற்கும். நான் இரண்டு நாள் மல்லுக்கட்டி, பிறகு அந்த மாதத்துக்கு மட்டும் கையால் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியாது. பெரியவரிடம் 'சர்வர் லோடு' என்று சொல்லிவைத்திருந்தேன். எங்களிடம் சர்வரே கிடையாது.

"இன்னா சார் சொல்லுது?" என்று மேடம் எட்டிப்பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். டெக்னிகல்."

"மூணாவது வாரத்தக் காணோம்னு சொல்லுதா? அந்த வாரம் யாரு வந்தாங்க?"

"யாரு வந்தா என்ன?"

"கிருத்திக வாரமாச்சே சார். காவடிக் கூட்டத்துல பஸ்ஸே உள்ள வுடல. ஒருத்தரும் நூல் எடுக்க வரல, துணி போட வரல. ஒரு சீட்டு கூட நான் அடிக்கல. ஆளே வரலன்னா இது அந்த வாரத்துக்குக் கட்டமே கட்டாதா?"

கட்டாது. அதுதான் விஷயம். பதிவே இல்லாத வாரத்துக்கு அந்தக் கட்டளை தலைப்பே போடாது. ரிப்போர்ட்டோ நாலு வாரத்தையும் எதிர்பார்த்துக்கொண்டு கையை நீட்டும். மூன்றாவதைக் காணாமல் கூச்சல் போடும். கட்டளையிலேயே நாலு வாரத்தின் பெயரையும் நாமே எழுதிவிட்டால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்டம் நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. எப்படி எழுதுவது என்று மேடத்துக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். ஆனால் எதற்காக எழுதவேண்டும் என்று எட்டு வருஷம் எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "பாத்தியா கம்ப்யூட்டரு, அந்தம்மா வந்தாங்க, ஆடி தாண்டிச்சி" என்றார்.

மேடத்தின் மூளை அப்படித்தான் வேலை செய்தது. எதைக் காட்டினாலும் அதில் இல்லாதது யார் என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். அதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒருவகைக் கோளாறு என்று கொஞ்ச நாள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, "அந்தக் கோளாறு உங்களுக்குக் கொஞ்சம் இருந்தா, என் தங்கச்சி கல்யாணத்துல எங்கப்பாவ மண்டபத்துலயே வுட்டுட்டு வந்திருக்க மாட்டீங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியவரின் சின்ன மகள் கல்யாண ஆல்பம் அலுவலகத்துக்கு வந்தது. ஆல்பம் வந்தால் நாம் என்ன செய்வோம்? நம் மூஞ்சியைத் தேடுவோம். நான் இரண்டு படத்தில் இருந்தேன், ஒன்றில் பாதி. மேடம் நிதானமாக முழுவதும் புரட்டிவிட்டு, "பெரியவரே, உங்க கடைசித் தம்பி சம்சாரம் எதுலயுமே இல்லியே?" என்றார். பெரியவர் ஆல்பத்தை வாங்கி மூடினார். அந்த அம்மாள் தாலி கட்டுவதற்கு முன்பே கோபித்துக்கொண்டு போனதும், அதை மறைக்கப் புகைப்படக்காரரிடம் தனியாகச் சொல்லிவைத்திருந்ததும் பிறகு தெரிந்தது. அன்று மாலை வரை பெரியவர் முகம் கடுகடுவென்றிருந்தது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மறுநாள் அவர் தம்பி வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்து மேடத்துக்கு இனிப்பு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். தின்றேன்.

எங்கள் மாடிக்கு மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவரும். எனக்குக் குரங்கு என்றால் குரங்கு. மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அந்த நொண்டி வரல இன்னிக்கி" என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். "பாட்டு எப்படி இருந்தது மேடம்?" என்று ஒரு திங்கட்கிழமை மரியாதைக்குக் கேட்டேன். "ரெண்டாவது வரிசைல ஒருத்தங்க வாய மட்டும் அசைச்சாங்க சார், சத்தம் வரல. வூட்ல இன்னா பிரச்சனையோ" என்றார்.

ஒருநாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வருகைப்பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டேன். அழகான வட்டம். பிறகு விசாரித்தால், தினமும் ரயிலில் எதிரே உட்காரும் ஒரு டீச்சர் இரண்டு நாளாக வரவில்லையாம். போனும் எடுக்கவில்லையாம். வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து, தனியாகக் கட்டிலோடு கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார் மேடம். வட்டத்தை அழிக்கப் பார்த்தேன். மை நல்ல மையாக இருந்துவிட்டது.

இரண்டு தேதிகளைத் திரையில் உள்ள பெட்டிகளில் அடித்தால் அவற்றுக்கு நடுவே உள்ள விவரம் மட்டும் வரவேண்டும் என்று பெரியவர் ஒருமுறை கேட்டார். மற்ற எல்லாக் கட்டளைகளும் அந்தப் பெட்டிகளைப் பார்த்துத் தாமாகத் தேதியை எடுத்துக்கொண்டன. கிராஸ்டேப் மட்டும் அப்படி ஒரு பெட்டியையே நான் கேள்விப்பட்டதில்லை என்றது. மூன்று நாள் ஆயிற்று. கட்டளையை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் மேடம் பிழைச்செய்தியை வேதபாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"இதுக்கு யாரோ வரணும் சார். முன்னாடியே சொல்லாம வந்துட்டாங்கன்னு உள்ள வுடல. மத்ததுங்கள்லாம் கதவத் தட்டினா தொறக்குது. இது எங்க மாமியாரு மாதிரி. யாரு, எங்கிருந்து வராங்க, இன்னா வெஷயம்னு வாசல்லயே சொல்லிடணும்."

சிரித்துவைத்தேன். அவர் சாப்பிடப் போனதும் கையேட்டைப் புரட்டினேன். இந்த வகைக் கட்டளைக்கு மட்டும், வெளியிலிருந்து வரும் மதிப்பு எது, அது தேதியா எண்ணா என்பதை முதல் வரியிலேயே அறிவித்துவிடவேண்டும் என்று போட்டிருந்தது. அறிவித்தேன். திறந்தது. என் எம்.சி.ஏ.வில் மாமியார் என்று ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

இதற்குப் பிறகு பெரியவரின் குரல் மாறியது. சிக்கல் வந்தால் முன்பெல்லாம், "நைனா எங்க?" என்று கேட்பார். இப்போது, "அந்தம்மா வந்தாச்சா?" என்றார். தினமும் காலை அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயது நாற்பத்தைந்து. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். தடிதடியான நாவல்களெல்லாம் படித்து மனித மனத்தின் ஆழங்களை அறிந்தவன். ஆழத்தில் இதுதான் இருந்தது.

எனவே ஒரு காரியம் செய்தேன். பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியது போடலாம் என்று பெரியவரிடம் சொன்னேன். வேகம், பாதுகாப்பு, இலவசம் என்று காரணங்களை அடுக்கினேன். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பழையதில் எல்லாம் படம் படமாக இருக்கும், யாரும் எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். புதியதில் கறுப்புத் திரையில் வரிவரியாக எழுதவேண்டும். மேடம் சீட்டை அடிக்கலாம். அதற்குமேல் உள்ளே வரமுடியாது.

நாலு மாதம் மறுபடியும் நைனாவாக இருந்தேன்.

பழைய மென்பொருளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரு கட்டம் குறைந்தால் கத்தும். புதியது கத்தாது. ஒருவர் ஒரு நிறத்தை வாங்கவில்லை என்றால், அந்த இடத்தைக் காலியாக விடவேண்டும் என்று அதற்குத் தோன்றாது. அடுத்த எண்ணை அங்கே வைத்துவிட்டு, மிச்சத்தையும் ஒவ்வொரு கட்டமாக இடப்பக்கம் நகர்த்திவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் காலியானால் வரிசையாக எல்லாரும் நகர்ந்து உட்கார்வது மாதிரி. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இதைத் தடுக்க, என்னென்ன நிறங்கள் உண்டு என்று இன்னொரு பட்டியலையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். கையேட்டில் அதுவும் இருக்கிறது. எளிய முறை முதல் பக்கத்திலேயே இருந்ததால் நான் அந்தப் பக்கம் வரை போகவில்லை.

நாலு மாதம் இது வெளியே தெரியவும் இல்லை. எங்களிடம் ஐந்து நிறம்: அரக்கு, கறுப்பு, நீலம், பச்சை, வெள்ளை. கட்டம் போட்ட லுங்கிக்கு ஐந்தும் வேண்டும், எல்லாரும் ஐந்தையும் எடுத்தார்கள். பிறகு அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவருக்குப் பேரன் பிறந்தான்.

அவர் பெரியவரிடம் முப்பது வருஷமாக நெய்கிறவர். கிடங்கில் போய், "கைக்கொழந்த வூடு. அரக்கு சாயம் கையில ஒட்டுது, துணில ஒட்டுது. கொஞ்ச நாளைக்கி அரக்கு மட்டும் வேணாங்க" என்று சொல்லியிருக்கிறார். கிடங்கில் சரி என்று மற்ற நாலு நிறத்தைக் கொடுத்து, சீட்டும் சரியாக எழுதினார்கள். மேடமும் சரியாக அடித்தார். என் கட்டளை மட்டும் அவருடைய வரிசையைப் பிடித்து இடப்பக்கம் ஒரு கட்டம் தள்ளிவிட்டது.

தாளின்படி, அவர் அரக்கு நூல் வாங்கியிருக்கிறார். அவர் போட்ட லுங்கியில் அரக்கே இல்லை. வெள்ளை நூல் வாங்கவே இல்லை. லுங்கியில் வெள்ளைக் கோடு இருக்கிறது. நாலு வாரத் தாளிலும் இதே கதை.

"அரக்க வெளில வித்துட்டு, எங்கியோ மட்டமான வெள்ள வாங்கி நெய்ஞ்சிப் போடறான்" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபத்தைவிட அடிபட்ட வலி அதிகம் இருந்தது. "நைனா, இதுல தப்பு வர சான்ஸ் இருக்குதா?"

"சிஸ்டம் பொய் சொல்லாது பெரியவரே."

"ஆங். இருபத்தேழு பேருக்குச் சரியா காட்டுது. இவனுக்கு மட்டும் தப்பா காட்டுமா?"

கிடங்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாள் இருக்கும்போது ஆளைக் கேட்பது பழைய பழக்கம் என்று பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தவன் நான்தான். திங்கட்கிழமை காலை அந்த நெசவாளி வந்து நிற்கவேண்டும், தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் பாவு நூலை அறுத்துத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று சொல்லியனுப்பினார் பெரியவர். பாதியில் பாவு அறுத்து அனுப்பினார்கள் என்ற பேச்சு பரவினால் அந்த வட்டாரத்தில் வேறு எந்த முதலாளியும் அந்த வீட்டுக்கு நூல் கொடுக்கமாட்டார். அது எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் என் மேஜைக்கு வந்தார். ஒரு கையில் என் தாள், இன்னொரு கையில் கிடங்குச் சீட்டு.

"சார், இவரு வரிசைல வெள்ள வரல."

"வாங்கல, வரல."

"நான் அடிச்சேன் சார். வெள்ள அடிச்சேன். அரக்கு தான் அடிக்கல."

சீட்டைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். சீட்டில் கறுப்பு ஆறு, நீலம் ஒன்பது, பச்சை நாலு, வெள்ளை பதினொன்று. தாளில் அரக்கு ஆறு, கறுப்பு ஒன்பது, நீலம் நாலு, பச்சை பதினொன்று, வெள்ளை காலி.

"ஒரு கட்டம் நகந்து உக்காந்துகினு இருக்கு சார்."

அந்த நொடியில் எனக்கு அந்த நெசவாளி ஞாபகம் வந்திருக்கவேண்டும். தறி ஞாபகம் வந்திருக்கவேண்டும். கைக்குழந்தையாவது வந்திருக்கலாம். எனக்கு வந்தது ஒன்றுதான்: மறுபடியும் இவரா!

"நான் பாக்கறேன் மேடம். பெரியவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. டெக்னிகல் விஷயம்."

"ஆங், சரி சார். திங்கக்கெழம காலைல வரச் சொல்லிட்டாரு."

"தெரியும்."

"மறந்துடாதீங்க."

சனிக்கிழமை விடுமுறை. இருந்தும் போய் உட்கார்ந்தேன். நிறங்களின் பட்டியலைச் சேர்த்துக் கட்டளையைத் திருத்தக் கால்மணி நேரம் ஆயிற்று. நாலு வாரத்துக்கும் புதிய தாள் எடுத்தேன். அந்த வரிசை சமர்த்தாகத் தன் இடத்துக்குத் திரும்பி, அரக்கைக் காலியாக விட்டிருந்தது. தாளை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஏன் பூட்டினேன்? தப்பு செய்தவன் என்று பெயர் வாங்குவதைக்கூடத் தாங்கியிருப்பேன். மனிதன் என்றால் தப்பு செய்வான், அதற்கு நாலு நல்ல வாக்கியங்கள் என்னிடம் தயாராக இருந்தன. மேடம் கண்டுபிடித்தார் என்று ஆகிவிடுமே, அதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை. வைரஸ் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு, மேடத்துக்கு நாளை ரயில் தவறவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாதிப் படி இறங்கிய பிறகுதான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கே உறைத்தது. திரும்ப ஏறிப்போய் ரத்து செய்ய மூச்சு இடம் கொடுக்கவில்லை.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது.

பத்து மணிக்கு நெசவாளி வந்தார். வெளுத்த சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொல்லவில்லை, அதனால் நின்றார்.

"அரக்கு எங்கப்பா?" என்றார் பெரியவர்.

"நான் அரக்கே எடுக்கலீங்க."

"பேப்பரு இன்னா சொல்லுது பாரு."

"பேப்பரு இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாதுங்க. சீட்டு கொணாந்துருக்கறேன், பாருங்க. முப்பது வருஷமா உங்க பாவு தான் ஏத்திகினு வரேன். இப்ப போயி நூல விப்பனா?"

"அந்த முப்பது வருஷத்துக்குத் தான் போலீசுக்குப் போவல. பேசாம அறுத்து எடுத்துகினு வந்துடு."

நெசவாளி என்னைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க சார்."

வைரஸ் என்ற சொல் நாக்கு வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் பிரிண்டரைப் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பெரியவர் நெசவாளிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அவர் பெயரை அடிக்கப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"பெரியவரே, ஒரு நிமிஷம்" என்றார் மேடம், தன் இடத்திலிருந்து எழாமல். "சாரு சனிக்கெழமயே வந்து இதப் பாத்துட்டாரு. இவரு மேல தப்பு இல்ல, ரிப்போர்ட்டுல தான் எங்கியோ நகந்துருக்குன்னு கண்டுபுடிச்சி, வேற பேப்பரு எடுத்து வெச்சிருக்காரு. உங்களாண்ட சொல்லத் தான் காத்துகினு இருக்காரு. சொல்லுங்க சார்."

நான் சனிக்கிழமை வந்ததையோ, தாள் எடுத்ததையோ அவரிடம் சொல்லவில்லை. என்னை அவ்வளவு தூரம் கணித்திருந்தார்.

டிராயரைத் திறந்தேன். பேசினேன். வரிசை நகர்ந்திருந்தது என்றேன், கவனிக்கப்பட்டது என்றேன், சரிசெய்யப்பட்டுவிட்டது என்றேன். யார் நகர்த்தியது, யார் கவனித்தது என்பதெல்லாம் என் பேச்சில் இல்லை. பெரியவர் நெசவாளியின் கவரை வாங்கி, சீட்டையும் புதிய தாளையும் விரலால் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். நாலு வாரத்துக்கும் பார்த்தார். பேனாவை மூடினார். எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருப்பா. டீ சாப்புடு" என்றார். டீ வந்ததும் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "பேரன் எப்படிக்கீறான்?" என்றார்.

என் பக்கம் திரும்பி, "நைனா, நீ இல்லன்னா இன்னிக்கி ஒரு குடும்பத்தக் கெடுத்துருப்பேன்" என்றார். நெசவாளி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக மேடம் தெரிந்தார். அடுத்த சீட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி மேடம் வேலையை விட்டார். கடைசி நாள் சாயங்காலம் அவருடைய பையை நான் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு போனேன். நடைமேடையில் நின்றபோது கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் மேடம் என் பேரைச் சொன்னீங்க? கண்டுபுடிச்சது நீங்க."

"என் பேர சொல்லிருந்தா நீங்க சண்டைக்கு வந்துருப்பீங்க சார். பெரியவரு யாரு சொல்றதக் கேப்பாரு, எம்.சி.ஏ. சொல்றதத் தான். நம்ம ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிக்கறதுக்குள்ள அந்தாளு பாவு போயிருக்கும்."

"அவ்வளவு மோசமாவா தெரியறேன்?"

"சேச்சே. நீங்க நல்லவரு தான் சார்" என்றார் அவர், ரயில் வருகிறதா என்று எட்டிப்பார்த்தபடி. "கொஞ்சம் லேட்டா வருவீங்க."

போன மாதம் அம்மையார்குப்பத்துக்காரர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறானாம். பெரியவர் இல்லை, நாங்கள் இருவர்தான். இத்தனை வருஷம் கழித்து, எனக்கு என்னவோ நேர்மையாக இருந்து பார்க்கலாம் என்று ஆசை வந்தது. அதற்காவது ஒரு பெயர் கிடைக்கும் அல்லவா?

"ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு உங்க வரிசை நகர்ந்தது என் தப்பு. கண்டுபுடிச்சதும் நான் இல்ல. மேடம்."

"தெரியும் சார்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அந்தம்மா 'சொல்லுங்க சார்'னு சொன்னப்போ உங்க மொகத்தப் பாத்தனே. கண்டுபுடிச்சவரு மொகமா அது? மாட்டிகினவரு மொகம்."

"அப்பறம் எதுக்கு என் கையப் புடிச்சீங்க?"

"வேற இன்னா பண்றது சார்? பெரியவரு எதிர்ல போயி அந்தம்மா கையப் புடிக்க முடியுமா? எனக்கு யாரு கையயாவது புடிச்சே ஆவணும்னு இருந்துச்சி. நீங்க பக்கத்துல நின்னுகினு இருந்தீங்க." கொஞ்சம் யோசித்து, "அந்தம்மா நல்லா இருக்காங்களா? உங்களாண்ட பேசுவாங்களா?" என்றார்.

நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

அவர் படியிறங்கிப் போனபின் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்டுபிடித்த பெருமை மேடத்துடையது. பேசவைத்த பெருமை அவருடையது. என் கைகளுக்குக் கிடைத்த நன்றிகூட அவருடையது. சரி, அந்த வரிசையை நகர்த்திய தப்பாவது முழுக்க முழுக்க என் சொந்தத் திறமை, அதில் யாருக்கும் பங்கில்லை என்று ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மேடம் அந்த அலுவலகத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நான் மென்பொருளை மாற்றியே இருக்கமாட்டேன்.